மூலையில் தொடங்கும் வேலை

நம் ஊரில் பாட்டுக் கேட்பதற்கென்று ஒதுக்கும் அறைக்கு ஆறு பக்கமும் கல்தான். தரையில் டைல்ஸ், நான்கு புறமும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த செங்கல் சுவர், தலைக்கு மேலே கான்கிரீட். ஒலி உள்ளே வந்துவிட்டால் வெளியேற வழி கிடையாது. ஒரு சுவர் திருப்பி அனுப்பியதை எதிர்ச்சுவர் மறுபடி திருப்பும். காலி அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின்னால் ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு வால் நீளும். எத்தனை விலை கொடுத்து ஸ்பீக்கர் வாங்கி அங்கே வைத்தாலும், உட்கார்ந்திருப்பவர் காதில் விழுவதில் பெரும்பங்கு அந்த அறையின் சத்தமாகத்தான் இருக்கும்.

அறைச் சுவரில் ஒலியை உறிஞ்சும் பேனல் மாட்டும் வழக்கம் இங்கே பரவிய விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. வெளிநாட்டுப் புத்தகங்களில் கண்ட படங்களைப் பார்த்து அப்படியே மாட்டிவிடுகிறார்கள். அமெரிக்க வீட்டின் உள்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் அறைந்த ஜிப்சம் பலகை. பேஸ் ஒலி மோதும்போது அந்தப் பலகை சற்றே அதிரும். அந்த அதிர்விலேயே ஒலியின் ஒரு பங்கு கரைந்துவிடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எதற்கும் அசைந்துகொடுக்காது. அதனால் அந்த ஊருக்கு எழுதிய அளவில் இங்கே பேனல் மாட்டினால் தாளத்தின் கணீர் ஒலி அடங்கும். மிருதங்கத் தொப்பியின் முழக்கம் அடங்காது. பல வீடுகளில் இந்த வேலையைச் செய்துவருகிறேன். நம் அறைகளில் இதை மூலையில்தான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுவரின் நடுப்பகுதிக்கு அப்புறம் வரலாம்.

அறை ஒலியியல் என்ற இந்தத் துறைக்கு அடித்தளம் இட்டவர் வாலஸ் கிளெமென்ட் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒலித்த சொல் ஏறக்குறைய ஐந்தரை வினாடி உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் வந்தது. அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்குவார். ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஓசை மறைய எவ்வளவு நேரமாகிறது என்று காதாலும் கடிகாரத்தாலும் அளப்பார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இன்றைக்கும் நாம் கையாளும் கணக்கு அந்த இரவுகளில் பிறந்தது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அந்த அறை மொத்தமாக எவ்வளவு ஒலியை உறிஞ்சுகிறதோ அந்த அளவால் வகுத்தால், ஓசை மறையும் நேரம் கிடைக்கும். அவருடைய ஆலோசனையில் எழுந்த பாஸ்டன் சிம்பனி ஹால் 1900இல் திறக்கப்பட்டது.

உறிஞ்சுதலை அளக்க சபைன் எடுத்துக்கொண்ட அலகு, திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது, ஆகவே அதுதான் முழு உறிஞ்சல் என்று வைத்துக்கொண்டார். இதைப் படித்தபோதுதான் முற்றம் வைத்த பழைய வீடுகளில் பாட்டு ஏன் அத்தனை இதமாக இருந்தது என்பது எனக்கு விளங்கியது. முற்றம் என்பது கூரையிலேயே திறந்துவைத்த ஒரு பெரிய ஜன்னல். சுற்றி ஓட்டுச் சரிவு, மரத்தூண், திண்ணை, நெல் மூட்டை என்று எதுவும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது. அங்கே யாரும் பேனல் மாட்டவில்லை, தேவையும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் அறையில்தான் நாம் ஒலிக்கு வழி தேடிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 12 அடி அகலம், 15 அடி நீளம், 10 அடி உயரமுள்ள அறையின் கொள்ளளவு சுமார் 51 கன மீட்டர். ஆறு பக்கங்களின் பரப்பு சுமார் 84 சதுர மீட்டர். பூசிய சுவரும் டைல்ஸும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை எடுத்துக்கொண்டால் மொத்தம் இரண்டரைச் சதுர மீட்டர் உறிஞ்சல். ஓசை மறைய மூன்று வினாடிக்கு மேல் ஆகும். வீட்டில் இசை கேட்க அரை வினாடிக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. சோபா, கனமான திரைச்சீலை, ஜமுக்காளம், இரண்டு மனிதர்கள் என்று சேர்த்தால் பாதித் தூரம் வந்துவிடும். மிச்சத்தைப் பேனல்கள் செய்ய வேண்டும். நாலடிக்கு நாலடி ஜன்னலைத் திறந்துவைப்பது நான் செய்யும் பேனல்களில் இரண்டரைக்குச் சமம். ஆனால் ஜன்னலைத் திறந்தால் தெருவும் சேர்ந்தே உள்ளே வரும். இந்த அளவு அறைக்கு மூலைகளையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேனல் ஆகும். சின்ன அறைகளுக்கு சபைனின் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது. எத்தனை பேனல் செய்யச் சொல்வது என்று ஆசாரியிடம் பேச இது போதும்.

சபைன் கணக்கு கைவிடும் இடம் பேஸ். அறைக்கு என்று சில ஸ்வரங்கள் உண்டு. ஒலியின் அலைநீளத்தில் பாதி, எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவேயுள்ள தூரத்துக்குச் சரியாக அமைந்துவிட்டால் அந்த ஸ்வரம் அங்கேயே நிலைகொண்டுவிடும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு சுமார் 349 மீட்டர் போகிறது. 10 அடி உயரம் என்றால் 57 ஹெர்ட்ஸ், 12 அடி அகலம் என்றால் 48, 15 அடி நீளம் என்றால் 38. மூன்றும் தனித்தனியாக இருப்பதால் பரவாயில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக உள்ள அறையில் மூன்றும் ஒரே 57 ஹெர்ட்ஸில் வந்து குவியும். பேஸ் கிதாரின் மூன்றாம் தந்தி (A) 55 ஹெர்ட்ஸ். அதாவது அந்தத் தந்தியைத் திறந்து மீட்டும்போதும் அதற்கு அடுத்த ஸ்வரத்திலும் அறையே சேர்ந்து அதிரும். நாலு ஸ்வரம் தள்ளிப் போனதும் வாசிப்பவர் கையை எடுத்துவிட்டார் போலிருக்கும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதார் தனியாக ஒரு மெட்டு வாசித்துக்கொண்டே போவதை ரசிப்பவர்களுக்கு இது எத்தனை பெரிய இழப்பு என்று சொல்லத் தேவையில்லை. அப்படியோர் அறையும் வேறோர் அறையும் கைவசம் இருந்தால் தயங்காமல் வேறு அறைக்கு மாறச் சொல்வேன். பேனலை விட அது மலிவு.

ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு தொடர் ஒலியை மெதுவாக விட்டுவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். நடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். சுவரை நெருங்க நெருங்க எழும். மூலையில் போய்த் தலையை நீட்டினால் காது அடைக்கும். அறையின் எல்லா நிலையலைகளும் தங்கள் முழு அழுத்தத்தோடு வந்து சேரும் இடம் மூலைதான். முதலில் அங்கே வேலையைத் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே. நாற்காலியை எங்கே போடக் கூடாது என்பதும் இந்த நடையிலேயே தெரிந்துவிடும்: அறையின் நட்டநடுவிலும் வேண்டாம், பின்சுவரில் சாய்ந்தும் வேண்டாம். எதிர்ச்சுவரிலிருந்து நீளத்தில் ஐந்தில் மூன்று பங்கு தள்ளி உட்கார்ந்து பார்த்து, அங்கிருந்து முன்னும் பின்னும் அரை அடி நகர்த்தித் தேடுவது என் வழக்கம். ஸ்பீக்கரையும் அப்படியே. பின்னாலுள்ள சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 145 ஹெர்ட்ஸ் பக்கம் நேர் ஒலியை அழிக்கும். ஆண் குரலின் அடிப்பாகம் அங்கேதான் இருக்கிறது. இன்னும் ஒரு சாண் தள்ளினால் பள்ளம் கீழே இறங்கும். இடம் மாற்றித் தீர்க்க முடிந்ததைப் பேனலால் தீர்க்கக் கூடாது.

மூலை என்றதும் நம் வீடுகளில் வரும் முதல் பதில், “அங்க பீரோ இருக்கே.” கன்னி மூலையில் பீரோ நிற்கும், அதை யாரும் நகர்த்த மாட்டார்கள், நகர்த்தச் சொல்வதும் என் வேலையல்ல. ஆனால் இரும்பு பீரோ பேஸ் ஒலிக்குக் கூடவே அதிரும், கைப்பிடி கிணுகிணுக்கும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் பட்டை ஒட்டி, உள்ளே துணியை நெருக்கி அடுக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு வீட்டில் பெரிய அம்மா ஒருவர் கேட்டார்: “தம்பி, அந்த மூலை மட்டும் வேண்டாம்ப்பா. வேற மூலையே இல்லையா?” இருக்கிறது. சுவரும் சுவரும் சந்திக்கும் நான்கு நிமிர்ந்த மூலைகளைத்தான் நாம் மூலை என்கிறோம். சுவரும் தளமும் சந்திக்கும் விளிம்பும் ஒலிக்கு மூலைதான். ஒரு பெட்டி வடிவ அறைக்கு அப்படி பன்னிரண்டு விளிம்புகள். “மேல மாட்டிடலாம்மா, கீழ ஒண்ணும் வராது” என்று சொல்லி, கதவுக்கு மேலே தளத்தை ஒட்டி 45 பாகை சாய்வில் பேனல்களை வரிசையாக மாட்டினோம். தரை முழுக்க அவர்களுக்கே மிஞ்சியது.

பரண் உள்ள அறை கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சி. சுவரும் தளமும் சந்திக்கும் விளிம்பிலேயே, இரண்டடி ஆழத்தில், பழைய மெத்தையும் தலையணையும் கம்பளியும் திணித்த ஒரு பெட்டி! இதைவிட நல்ல பேஸ் உறிஞ்சியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அதற்குப் பலகைக் கதவு போட்டு மூடியிருந்தால் கதவை எடுத்துவிட்டு காடாத்துணித் திரை போடச் சொல்வேன். பேனல் செய்வதற்கு முன்னால் வெள்ளோட்டம் பார்க்கவும் மெத்தைதான் உதவும். வீட்டிலுள்ள இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டிக் கயிறு கட்டி மூலைக்கொன்றாக நிறுத்தி, தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்கச் சொல்வேன். ஒரு பைசா செலவில்லாமல் வித்தியாசம் தெரிந்துவிடும். அதைக் கேட்ட பிறகு மூலையின் அவசியத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி தடிமன். பேனலுக்குள் வைக்கும் ராக்வூலும் கிளாஸ்வூலும் ஒலியை எப்படி உறிஞ்சுகின்றன என்று தெரிந்தால் எவ்வளவு தடிமன் என்ற குழப்பம் தீரும். இழைகளுக்கு நடுவே காற்று அசைய வேண்டும்; அசைவு உராய்வாகி, உராய்வு வெப்பமாகும். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றால் அசைய முடியாது. சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளித்தான் அசைவு உச்சத்தில் இருக்கும். 1000 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 100 ஹெர்ட்ஸுக்கு 87 சென்டிமீட்டர். ஓர் அங்குல ஃபோமைச் சுவரில் ஒட்டினால் அது உருப்படியாகத் தொடுவது சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலேதான். முட்டை அட்டைக்கு அந்தத் திறமும் இல்லை. சுவர் முழுக்க மெல்லிய ஃபோம் ஒட்டிய அறைகளுக்குள் போயிருக்கிறேன். வயலின் வில்லின் உராய்வும் தம்பூராவின் ஜீவாவும் செத்துப்போய், முழக்கம் மட்டும் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். மலிவான ஃபோமில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் மேடையைச் சுற்றி ஒட்டியிருந்த ஃபோம் வாணவேடிக்கைப் பொறியில் பற்றிக்கொண்டது; நூறு பேர் இறந்தார்கள். விளக்கேற்றி ஊதுவத்தி வைக்கும் வீடுகளுக்குள் அந்தப் பொருளை நான் கொண்டுபோக மாட்டேன். ராக்வூல் தீப்பிடிக்காது.

நான் வாங்குவது கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் ஸ்லாப். ஒரு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் தடிமன். ஸ்லாபை வெட்டாமல் அப்படியே பொருந்தும் அளவுக்குச் சட்டம் அடிக்கச் சொல்வேன். வெட்டினால்தான் தூள் பறக்கும், உடம்பு அரிக்கும். சுவர் நடுவில் வரும் பேனலுக்கு இரண்டு ஸ்லாப் அடுக்கி 10 சென்டிமீட்டர்; மூலைக்கு மூன்று நான்கு. ரீப்பரில் சட்டம், கரையான் மருந்து அடித்தது. பின்பக்கம் பலகை கூடாது, வலைத்துணி போதும். நூல் சிதறாமலிருக்க மெல்லிய நெய்யாத துணி உள்ளே, அதன்மேல் காடா. வேறு துணி வேண்டும் என்பவர்களிடம் துணியை வாயருகே வைத்து ஊதச் சொல்வேன். மூச்சு மறுபக்கக் கையில் பட்டால் அந்தத் துணி ஆகும். ரெக்ஸின் ஆகாது. வேலையை மொட்டை மாடியில், முழுக்கைச் சட்டையும் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

சட்டத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல் பத்து சென்டிமீட்டர் விட்டு மாட்டுவது என் விதி. அந்த இடைவெளியில் இருப்பது வெறும் காற்றுதான். ஆனால் இன்னும் கீழே உள்ள ஒலிவரை பேனலின் கை நீள்வதற்கு அதுவே காரணம். கடலோர ஊர்களில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் காக்கும்போது பின்னால் காற்றோட்டம் இருந்தால் துணியில் பூஞ்சை பிடிக்காது.

மூலைகள் முடிந்த பிறகுதான் கண்ணாடியை எடுக்க வேண்டும். ஒருவர் கேட்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் ட்வீட்டர் உயரத்தில் ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்திப் போவார். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு எந்த இடத்தில் ட்வீட்டர் தெரிகிறதோ அந்த இடத்தில் சாக்பீஸ் குறி. ஒளி போகும் வழியிலேயே மேல்சுருதி ஒலியும் பட்டுத் திரும்பும் என்பதால் இந்த எளிய முறை பிசகுவதில்லை. ஒவ்வொரு சுவரிலும் இரண்டு குறி விழும்: அருகிலுள்ள ஸ்பீக்கருக்கு ஒன்று, எதிர்ப்பக்க ஸ்பீக்கருக்கு ஒன்று. உயரத்தை நாற்காலிக்கு என்று எல்லோரும் ஒரே மாதிரி வைத்துவிடுகிறார்கள். பாயில் சம்மணமிட்டுக் கேட்பவருக்குக் காது தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அவர் வீட்டில் பேனலும் ஸ்பீக்கரும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

12 அடி அகல அறையில் பக்கச் சுவரில் பட்டு வரும் ஒலி நேர் ஒலிக்கு ஏறக்குறைய மூன்று மில்லிசெகண்டு பின்னால் வரும். இத்தனை நெருக்கத்தில் வருவதைக் காது தனி எதிரொலியாகப் பிரிக்காது, முதலில் வந்ததோடு சேர்த்துக்கொள்ளும் என்பதை 1949இல் ஹெல்முட் ஹாஸ் தன் ஆய்வேட்டில் காட்டினார். பிரித்துக் கேட்காவிட்டாலும் நிறம் மாறும், இடம் அகலும். இங்கேதான் நான் பலரிடமிருந்து விலகுகிறேன். பக்கச் சுவரை எப்போதும் அடக்கிவிட வேண்டும் என்பது பொது வழக்கம். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் நெடுங்காலம் ஸ்பீக்கர்களை ஆராய்ந்த ஃபிளாய்ட் டூல், நல்ல ஸ்பீக்கர் என்றால் பக்க எதிரொலி பலருக்குப் பிடித்தமானதாகவே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். என் காதுக்கு இரண்டும் உண்மை. நன்றாகப் பதிவுசெய்த ஸ்டீரியோவில் பக்கப் பேனல் இருந்தால் மிருதங்கம் பாடகருக்கு வலப்பக்கம் தன் இடத்தில் அசையாமல் உட்காரும். பழைய கச்சேரிப் பதிவுகளோ பெரும்பாலும் மோனோ. பக்கத்தை அடக்கினால் முழுக் கச்சேரியும் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்குச் சுருங்கிவிடும். அதனால் மூலைப் பேனலை நிலையாகப் பொருத்துகிறேன். பக்கப் பேனலைக் கொக்கியில் மாட்டி, வேண்டும்போது கழற்றும்படி வைக்கிறேன். கை தட்டினால் வரும் அந்த ‘ட்ர்ர்ர்’ மட்டும் கழற்றிய பிறகும் வரக் கூடாது. எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றிலாவது புத்தக அலமாரி போன்ற மேடுபள்ளம் வேண்டும்.

தளத்துக்கும் கண்ணாடி முறைதான், ஆனால் நடுவில் ஃபேன் சுற்றுகிறது. ஸ்பீக்கருக்கும் ஃபேனுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் பெரும்பாலும் குறி விழும். அங்கே இரண்டு பேனலைக் கம்பியில் தொங்கவிடலாம். சுழலும் இறக்கையில் பட்டு வரும் ஒலி நீண்ட ஸ்வரங்களை லேசாக நடுங்கவைக்கும். தரைக்கு ஜமுக்காளம் போதும். பின்சுவர் தலைக்கு மூன்றடிக்குள் இருந்தால் தடித்த பேனலே வேண்டும். எட்டுப் பத்தடி இருந்தால் அலமாரியில் புத்தகங்களை முன்னும் பின்னுமாக அடுக்கி ஒலியைச் சிதறவிடுவது அறைக்கு உயிர் கொடுக்கும்.

அளக்க மைக்ரோஃபோனும் ‘ரூம் ஈக்யூ விஸார்ட்’ மென்பொருளும் இருக்கின்றன. மென்பொருள் இலவசம், அளக்காமல் நான் எதையும் முடிப்பதில்லை. ஆனாலும் கடைசித் தீர்ப்பைப் பாடகர் எம்.டி. ராமநாதன் குரலிடம் விடுகிறேன். அவர் மந்தர ஸ்தாயியில் இறங்கி நிற்கும்போது ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தில் கேட்க வேண்டும். ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கினால் மூலை இன்னும் போதவில்லை. அடுத்து தொப்பி: கும்கி விரல் எடுத்த இடத்தில் நிற்க வேண்டும். கடைசியாக, சபையில் பதிவான கச்சேரியின் கைதட்டல். அந்த அரங்கம் எவ்வளவு பெரியது என்பது உங்கள் அறையில் உட்கார்ந்தே தெரிந்தால், உங்கள் அறை விலகி நிற்கிறது என்று அர்த்தம். அரங்கத்தின் கார்வையும் சேர்ந்து காணாமல் போனால் பேனல் அதிகமாகிவிட்டது. பக்கச் சுவரிலிருந்து ஒன்றைக் கழற்றுங்கள், மூலையைத் தொடாதீர்கள்.

“சார், இதெல்லாம் மாட்டினா பக்கத்து வீட்டுக்குக் கேக்காதுல்ல?” என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். கேட்கும். பேனல் அறைக்குள் திரும்பும் ஒலியைத்தான் குறைக்கும், சுவரைக் கடப்பதைத் தடுக்காது. அதற்குக் கனமான கதவும் இடுக்கில்லாத ஜன்னலும் வேண்டும். அது வேறு வேலை, வேறு செலவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை துணிமேல் வேக்குவம் கிளீனர் பிடித்தால் போதும், பேனல் பல வருஷம் உழைக்கும். சோபாவை மாற்றினாலோ, உட்காரும் இடத்தை ஓரடி தள்ளினாலோ, கண்ணாடியை எடுத்து மறுபடி ஒருமுறை சுவரில் நகர்த்திப் பார்த்துவிடுங்கள். பழைய குறிகள் அப்போது பொருந்தாது.